மஞ்சப்பையைக் கொண்டுவந்து தந்தவருக்கு

போன வாரம் வேலூரில் ஷேர் ஆட்டோவில் ஒரு மஞ்சப்பையை விட்டுவிட்டேன். தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குள் அவருடைய பதக்கங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடலாம் என்று எடுத்துப்போன பை. சாயங்காலம் நீங்கள் அதை எங்கள் தெருமுனை டீக்கடையில் கொடுத்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். பையில் இருந்த தாத்தாவின் ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருந்தது பழைய வீட்டு முகவரி. அங்கே போய் விசாரித்துத்தான் இங்கே வந்தீர்களாம்.

உள்ளே இருந்தது பூர்வி ஸ்டார், 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குத் தந்தது. கூடவே அதே போருக்கான சங்ராம் மெடல். குன்னூர் பக்கம் வெலிங்டனில் பயிற்சி எடுத்த மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர் தாத்தா. டிசம்பர் 16, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "தூங்கினேன்" என்பார். அவ்வளவுதான்.

ஆனால் அப்புறம் பார்த்த தாலுகா ஆபீஸ் வேலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். வருஷா வருஷம் நிலக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி சமயத்தில், எழுதத் தெரியாதவர்களுக்குப் பட்டா மாற்றும் மனுவைத் தானே எழுதிக் கொடுப்பாராம். கைநாட்டு வைக்குமுன் இரண்டு தடவை வாசித்தும் காட்டுவாராம். பையில் இருந்த மைப்பேனா அந்தக் காலத்தது. மெடலைவிட அது தொலைந்திருந்தால்தான் பாட்டி என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

சரி, சொல்ல வந்தது இதுதான். ரொம்ப நன்றி அண்ணே. பாட்டி உங்களை ஒரு வேளையாவது சாப்பிட வைக்காமல் அனுப்பிவிட்டோமே என்று தினமும் புலம்புகிறார். டீக்கடையில் கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள்.