பாப்பாவுக்கு, ஒரு பார்சலோடு

சிவகாசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையெல்லாம் அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். குட்டி பென்சில் பிடிக்க மாட்டேன் என்கிறாள், புள்ளி வைத்த கோட்டின்மேல் எழுதச் சொன்னால் பேப்பரைக் கிழிக்கிறாள், மற்றப் பிள்ளைகள் எல்லாம் எழுதுகிறார்கள் என்று பிளேஸ்கூல் மிஸ் சொன்னதாகச் சொன்னாய். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. எழுத்து விஷயம் எனக்குக் கையில்தான் வரும், வாயில் வராது. அதனால்தான் இந்தக் கடிதமும் கூடவே ஒரு பார்சலும்.

அவளுக்கு வருகிற தையில்தான் மூன்று முடிகிறது. நம் பக்கத்து வீட்டுப் பையன் மாடிப்படியில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டானே, அவனை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மணிக்கட்டில் பெரியவர்களுக்கு எட்டுச் சின்ன எலும்புகள் உண்டாம். மூன்று வயதில் படம் பிடித்தால் மூன்றோ நான்கோதான் தெரியுமாம், மற்றதெல்லாம் இன்னும் குருத்து. எட்டும் தெரிவதற்கு எட்டு, பத்து வயசுகூட ஆகிவிடும் என்றார். அந்தக் குருத்துக் கையில்தான் உங்கள் ஊர் மிஸ் பென்சிலைத் திணிக்கிறார். வட்டம் ஒன்றைப் பார்த்து வட்டம் போடவே மூன்று வயசு ஆகும் பிள்ளைகளுக்கு. சதுரத்துக்கு இன்னும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் போக வேண்டும். ‘அ’வை யோசித்துப் பார். சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு, எல்லாம் ஒரே எழுத்தில். அகராதிக்கு அது முதல் எழுத்து. கைக்கு அது முதல் எழுத்து கிடையாது.

காதுக்கு வேண்டுமானால் அ, ஆ சொல்லிக்கொடு. பாடிக்கொண்டே சோறு ஊட்டு, அது தன்னால் வரும். கைக்கு ட, ப, ம என்று ஆரம்பி. மூன்று ஐஸ் குச்சி போதும். இரண்டு வைத்தால் ‘ட’, மூன்று வைத்தால் ‘ப’. இந்த மூன்று எழுத்தை வைத்தே படம், பட்டம், மட்டம் என்று வார்த்தைகள் வந்துவிடும். ‘ம’வுக்குக் குச்சி சரிவராது, உள்ளே வளைவு இருக்கிறது. அதற்குச் சப்பாத்தி மாவு. நீங்கள் தினமும் சப்பாத்திதானே போடுகிறீர்கள்? ஒரு உருண்டையை அவளிடம் கொடுத்துப் பாம்பு உருட்டச் சொல். அம்மா கைமுறுக்கு சுற்றும்போது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து மாவைத் திருகுமே, பென்சிலுக்கு வேண்டியதும் அதே விரல், அதே பிடி. கோலப்பொடி விடுவதும் அப்படித்தான். உருட்டிய பாம்பை வளைத்து ‘ம’ ஆக்கி, கல்லில் போட்டுச் சுட்டுத் தின்னட்டும். “தாத்தா, நான் ம-வைத் தின்னுட்டேன்” என்று அவள் போனில் சொன்னால் எனக்கு அதுவே போதும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. கடலை, பட்டாணி, புளியங்கொட்டை வைத்து எழுத்து அடுக்குவதை யூடியூபில் காட்டுவார்கள். வேண்டாம். நீ மூன்று வயதில் ஒரு காய்ந்த பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கச் சொல்லவே இல்லை. காலையில் அது ஊறி இரண்டு மடங்காகிவிட்டது. டாக்டர் எடுத்த பிறகு அம்மா அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நீ என்னவோ பட்டாணியைத் திருப்பிக் கேட்டாய்.

சரி, பார்சலுக்கு வருகிறேன். அதில் பன்னிரண்டு அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் உப்புத்தாளில் வெட்டிய ஒரு எழுத்தை ஒட்டியிருக்கிறேன். தச்சர் கடையில் 60-ஆம் நம்பர் கொடுத்தார், அது விரலை அரித்துவிடும் என்று 150-ஆம் நம்பராக மாற்றி வாங்கினேன். நம்பர் கூடக்கூடத்தான் சொரசொரப்பு குறையும். இது நான் கண்டுபிடித்ததில்லை. 1907-இல் ரோமில் பள்ளி ஆரம்பித்த மரியா மாண்டிசோரி அம்மாள் பிள்ளைகளுக்கு இப்படித்தான் எழுத்தைத் தொட்டுப் பழக்கினார். 1939-இல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு அச்சுக் கோக்கும்போது படித்தது. என் படிப்பு முழுக்க அப்படி வந்ததுதான், ஈய எழுத்தை ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் அடுக்கிக்கொண்டே தலைகீழாகப் படித்தது.

அவள் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் இழுக்காதே. நீ முதலில் மெதுவாகத் தடவிக் காட்டு. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதும் திசையிலேயே. தடவும்போது ‘ப’ என்று சொல், அவ்வளவுதான். “இது ப, பந்துக்கு ப, பாப்பாவுக்கு பா” என்று நீட்டாதே. ஒரு நாளைக்கு இரண்டு அட்டை. அவள் மூன்றாவது கேட்டால் கொடு, இரண்டாவதிலேயே ஓடிவிட்டால் விட்டுவிடு.

தமிழில் ஒரு சௌகரியம், எழுத்தின் பெயரும் சத்தமும் ஒன்று. ஆனால் உங்கள் வீட்டில் ஒரு சிக்கல் வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன். பிளேஸ்கூலில் ஏ, ஈ, ஐ, ஓ என்று இங்கிலீஷ் எழுத்துக்குப் பெயர் சொல்கிறார்கள். நீ ‘ஈ’ அட்டையைக் காட்டி ஈ என்றால் அவளுக்கு மூன்று படுக்கைக் கோடு போட்ட இங்கிலீஷ் எழுத்துதான் ஞாபகம் வரும். அவள் மேல் தப்பு இல்லை. அந்த நான்கையும் நான் இப்போது அனுப்பவில்லை. கொஞ்ச நாள் போகட்டும். அதே மாதிரி ‘க’. கல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே எழுத்து, வாய் மூன்று விதமாகச் சொல்கிறது. அங்கே இந்தியில் அதற்குத் தனித்தனி எழுத்து பார்ப்பாள், கேள்வி கேட்பாள். இலக்கணம் எதுவும் விளக்காதே. வார்த்தையை முழுசாகச் சொல், காது பிடித்துக்கொள்ளும்.

ரவைத் தட்டு ஒன்று தயார் செய். விஜயதசமியன்று உன் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைத்தோமே, நீ அரிசியை வாயில் போட்டுக்கொண்டாய். சடங்குக்கு அரிசி சரி. பழகுவதற்கு ரவை நல்லது. அரிசியில் சுழி நிற்காது, சரிந்து மூடிவிடும். கறுப்புத் தட்டாகப் பார்த்து, ரவையை மெல்லிசாகப் பரப்பு. விரல் போன இடத்தில் தட்டின் அடி தெரிய வேண்டும். தப்பாகப் போனால் தட்டை ஒரு ஆட்டு ஆட்டினால் போச்சு. சிலேட்டில் நாங்கள் கோவை இலையைக் கசக்கி அழித்த மாதிரி.

புள்ளிக்கு ஸ்டிக்கர் பொட்டு. அட்டையில் ‘ம’ எழுதிக் கொடு, அவள் பொட்டை எடுத்து மேலே ஒட்டட்டும். ஒட்டினதும் நீ ‘ம்’ என்று உதட்டை மூடு. எடுத்ததும் ‘ம’ என்று திற. பெரிய பொட்டாக வாங்கு, வாயில் போடாமல் பார்த்துக்கொள். அம்மா பொட்டு அட்டை இரண்டு வைத்திருக்கிறாள். அதில் கல் வைத்தது உனக்கு, அவளுக்கு இல்லை.

மழை நாளில் உருளைக்கிழங்கு அச்சு போடு. கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டின பக்கத்தைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிடு, இல்லையென்றால் சாயம் பிடிக்காது. எழுத்து மேடாக நிற்கும்படி சுற்றிலும் செதுக்கு. கத்தி வேலை உன்னுடையது. பீட்ரூட் சாறில் தொட்டு அவள் குத்தட்டும். முதலில் ‘ப’ செய். ‘ப’வைத் திருப்பினாலும் ‘ப’தான், தப்பே வராது. ‘ட’ செய்யும்போது கிழங்கில் திருப்பிச் செதுக்க வேண்டும், நேராகச் செதுக்கினால் தாளில் திரும்பி விழும். உனக்கு முதல் தடவை தப்பும். எனக்குத் தப்பாது என்று நினைத்தேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பழைய ஈய எழுத்து கொஞ்சம் டப்பாவில் இருக்கிறது, உனக்குத் தெரியும். அனுப்பச் சொல்லிக் கேட்காதே. ஈயம் குழந்தை கையில் படவே கூடாது. நாங்கள் அந்தக் கையோடு வடை தின்றவர்கள், அது வேறு காலம்.

ஆனால் பிரஸ்ஸில் எழுத்துப் பெட்டியில், கேஸ் என்போம், அதில் கற்ற ஒன்றைச் சொல்லலாம். கேஸில் கொம்பு தனிக் கட்டம், கால் தனிக் கட்டம். ‘கொ’ கோக்க வேண்டுமென்றால் கொம்பு, க, கால் என்று மூன்று தடவை கை போக வேண்டும். காது ‘க’வை முதலில் கேட்கிறது, கையோ கொம்பை முதலில் எடுக்கிறது. பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்த எனக்கே முதல் மாதம் பூராவும் அது குழப்பம். அதனால் குட்டிக்கு உயிர்மெய் என்று இப்போதே ஆரம்பிக்காதே. நாலரை, ஐந்து வயதில் அட்டையில் கால் தனியாக, ஒற்றைக் கொம்பு தனியாக, இரட்டைக் கொம்பு தனியாக வெட்டி அனுப்புகிறேன், க-வுக்கு முன்னும் பின்னும் நகர்த்தி விளையாடட்டும். 247 எழுத்து என்று யாராவது பயமுறுத்தினால் சிரித்துவிடு. கு, டு, நு, ளு என்று ஆளுக்கு ஒரு பக்கம் வால் நீட்டுகிற உகர வரிசைதான் உண்மையான தொல்லை. மற்றதெல்லாம் ஒட்டுகிற வேலை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சில எழுத்துக்கு அப்படி ஒட்டவும் முடியாது. ‘லை’க்குத் தும்பிக்கை வைத்த தனி எழுத்து, ‘னா’வுக்குச் சுருண்ட தனி எழுத்து. பெரியார் 1935-லிருந்தே ‘குடி அரசு’ பத்திரிகையில் புது மாதிரியில் அச்சிட்டார். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்ட பிறகுதான் எங்கள் கேஸில் அந்த எழுத்துகள் காலியாயின. உங்கள் ஆச்சி சாகிறவரைக்கும் தும்பிக்கை ‘லை’தான் எழுதினாள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு நான்கு வயசு. நீ சிலேட்டில் ‘படம்’ என்று எழுதிக் காட்டினாய். ‘ட’ மட்டும் இடப்பக்கம் திரும்பி நின்றது. நான் பிரஸ்ஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகைக்குக் கோத்து வைத்த ஃபார்மா சரிந்து கொட்டி, எல்லாவற்றையும் மறுபடி கோத்துவிட்டு வந்த நாள். சிலேட்டைப் பிடுங்கி, நூறு தடவை எழுது என்றேன். நீ எழுதினாய். நாற்பதுக்கு மேல் எல்லாமே திரும்பித்தான் இருந்தன. நான் உன் முட்டியில் அடித்தேன்.

மறுநாள் கேஸில் கைவிட்டு ஒரு ‘ட’வை எடுத்தேன். நேராகப் பிடித்துப் பார்த்தால் அது அப்படியே நீ எழுதிய ‘ட’. பதினெட்டு வருஷமாகத் தினமும் கையில் எடுத்த எழுத்து. அதை நீ எழுதியபோது எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

குட்டியும் திருப்பி எழுதுவாள். ஆறு, ஏழு வயதுவரைக்கும் பிள்ளைகள் அப்படி எழுதுவது சகஜம். திருத்த வேண்டாம், பக்கத்தில் நீ ஒன்று சரியாக எழுதி வை, போதும். மிஸ்ஸிடமும் சண்டைக்குப் போகாதே. வீட்டில் செய்கிறோம் என்று மட்டும் சொல்லு. வீட்டுப்பாடத் தாளை அவள் கிழித்தால் கிழிக்கட்டும், பேப்பர் கிழிப்பதும் விரலுக்கு வேலைதான்.

அட்டைகளை எண்ணிப் பார், பதிமூன்று இருக்கும். உப்புத்தாளின் பின்பக்கம் எழுத்தைத் திருப்பி வரைந்து வெட்ட வேண்டும். பதினோரு எழுத்து சரியாக வந்தது. ‘ட’வுக்கு வந்ததும் கை தானாக நேராக வரைந்துவிட்டது. ஒட்டின பிறகுதான் பார்த்தேன், இடப்பக்கம் திரும்பி நிற்கிறது. அம்மா தூக்கிப் போடச் சொன்னாள். புதிதாக ஒன்று வெட்டி ஒட்டினேன், அதுதான் குட்டிக்கு. திரும்பினது அடியில் பழைய காலண்டர் தாளில் சுற்றியிருக்கிறது, அது உனக்கு.

பார்சல் வந்ததும் போன் பண்ணு. ஃபெவிகால் ஓரத்தில் விட்டிருந்தால் நீயே கொஞ்சம் தடவிக்கொள்.

அன்புடன்,
அப்பா