அர்பன் மையர் ஓய்வு: சொல்ல மறந்தவை

ஆசிரியர் அவர்களுக்கு,

ரக்பியைப் போன்ற அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி அணிப் பயிற்சியாளராக இருந்த அர்பன் மையரின் ஓய்வைப் பற்றிய உங்கள் கட்டுரை, ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் 83 வெற்றி, 9 தோல்வி என்ற கணக்கோடு நின்றுவிட்டது. 2018 டிசம்பரில் அவர் ஓய்வை அறிவிக்க உடல்நிலை உண்மையான காரணம்தான். மூளையை ஒட்டிப் பிறவியிலேயே இருந்த நீர்க்கட்டிக்கு 2014இல் அறுவை சிகிச்சை நடந்தது. மன அழுத்தம் கூடும்போது கடும் தலைவலி திரும்பியது. ஆட்டத்தின் நடுவே அவர் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்ததைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்தனர். ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியிலிருந்து 2010இல் விலகியபோதும் உடல்நலம் பேசப்பட்டது.

ஆனால் அதே 2018இல், மனைவியைத் தாக்கியதாகப் புகாருக்குள்ளான துணைப் பயிற்சியாளர் விவகாரத்தைச் சரிவரக் கையாளாததற்காக, முதல் மூன்று ஆட்டங்களுக்குப் பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. ஓராண்டுக்கு முந்தைய குறுஞ்செய்திகள் அழியும்படி கைபேசியை மாற்றியமைப்பது பற்றி அவர் ஊழியரிடம் பேசியதையும் விசாரணை அறிக்கை பதிவுசெய்தது. என் பார்வையில் மூன்று ஆட்டத் தடையைவிடக் கனமான செய்தி இதுவே. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. தடைக்காலத்தில் அணியை நடத்திய ரையன் டே அவருக்குப் பின் பொறுப்பேற்றதையும் சேர்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்