போரை மறுத்தவர்களின் காரணத்தையும் எழுதிவையுங்கள்

மதிப்பிற்குரிய கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரும் இலங்கையும் பற்றி நீங்கள் நடத்திவரும் கண்காட்சியைப் பார்த்தேன். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசியதற்கு ஒரு சுவர் முழுவதும் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒதுக்க வேண்டியதுதான். ஆனால் இடதுசாரிக் கட்சியான சமசமாஜக் கட்சிக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வரி: போர் முயற்சிக்கு இடையூறு செய்த தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்களாம். ஏன் எதிர்த்தார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. அந்தக் காரணத்தை எழுதிவையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

உங்களுக்குத் தெரியாத வரலாறு அல்ல. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் 1931 முதல் அரசாங்க சபை என்ற சட்டமன்றம் இருந்தது, வாக்குரிமை இருந்தது (தோட்ட மக்களுக்கு அதிலும் கட்டுப்பாடு). ஆனால் பாதுகாப்பும் வெளிவிவகாரமும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு எட்டாமல் வைக்கப்பட்டிருந்தன. 1939 செப்டெம்பரில் பிரிட்டன் போரில் இறங்கியதும் நாமும் இறக்கப்பட்டோம். நம்மை யாரும் கேட்கவில்லை. தனக்கே விடுதலை இல்லாத நாட்டைப் பிறர் விடுதலைக்காகப் போரிடச் சொல்வது என்ன நியாயம் என்று சமசமாஜிகள் கேட்டார்கள். இது ஏகாதிபத்தியங்களின் போர் என்றார்கள். அவர்கள் ஹிட்லரை ஆதரித்தவர்கள் அல்லர். ஜப்பான் வந்து நம்மை மீட்கும் என்று காத்திருந்தவர்களும் அல்லர்.

மேடைப் பேச்சோடு நின்றிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். அவர்கள் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களுக்குப் போனார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். போர் தொடங்கி நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஜப்பான் இன்னும் இந்தப் போருக்குள் வரவே இல்லை. கோவிந்தனின் மனைவியான அந்த லயத்துப் பெண்ணின் கணவனைக் கொன்ற குண்டு எந்த எதிரி நாட்டிலிருந்தும் வரவில்லை. அவளைக் காக்க வேண்டிய அரசின் துப்பாக்கியிலிருந்தே வந்தது. விசாரணை ஆணைக்குழுவின் முன் அவளுக்காக வாதாடியவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா.

வேலைநிறுத்தங்கள் ஊவாவுக்கும் பரவின. மே மாதம் வெவெஸ்ஸ தோட்டம் கொந்தளித்தது. ஜூனில் கொல்வின், என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரைப் பிடித்து அடைத்தார்கள். என். எம்., பிலிப் இருவரும் மக்கள் தேர்ந்தெடுத்த சபை உறுப்பினர்கள். எதற்கு இடையூறு ஏற்பட்டது என்பதை இந்த மாதங்களின் வரிசையே சொல்கிறது. நீங்களும் அதைச் சொல்லுங்கள்.

எதிர்த்தவர்கள் அனைவரும் கடைசிவரை ஒரே நிலையில் இருக்கவில்லை. 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டைத் தாக்கிய பிறகு கம்யூனிஸ்டுகள் போரை ஆதரித்தார்கள். அவர்கள் காரணத்தையும் எழுதுங்கள். இந்த நாட்டில் அப்படியொரு வாதம் நடந்தது என்றாவது பிள்ளைகள் அறியட்டும்.

பொப்பி மலரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்கள். முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11இல், முன்னாள் படைவீரர்களின் உதவிக்கென்று பொப்பி விற்ற காசில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போகிறது என்று 1930களில் இங்கே ஓர் எதிர்ப்பு எழுந்தது. அதே நாளில் இளைஞர்கள் சூரிய மலரை, நம்முடைய பூவரசம் பூவைத்தான், தெருவில் விற்றார்கள். இடதுசாரியான டொரீன் விக்கிரமசிங்க போன்றோர் அதை ஏகாதிபத்தியத்திற்கும் போருக்கும் எதிரான இயக்கமாகவே வளர்த்தார்கள். அந்தப் பூவுக்கு உங்களிடம் இடமில்லை. இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவில் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு எதிராகச் செய்த கலகத்திற்காக 1942 ஆகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட மூன்று இலங்கைச் சிப்பாய்களுக்கும் இடமில்லை. போருக்குத் தலையாட்டியவர்கள் மட்டுமே குடிமக்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம். போர் என்றால் என்னவென்று நன்றாகவே அறிந்துகொண்ட ஒரு நாட்டில் இதைச் செய்கிறோம் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருள்க. நான் கேட்பது ஒரு பலகைதான். போரை மறுத்தவர்கள் ஏன் மறுத்தார்கள் என்பதை மூன்று மொழிகளிலும் அதில் எழுதுங்கள். முல்லோயா கோவிந்தனின் பெயரும் அதில் இருக்கட்டும். கண்காட்சி அடுத்த ஊருக்குப் போகும் முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலையகத்து வாசகர் ஒருவர்