உதிரிப் பழமும் ஒற்றை ‘ஓ’வும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள சுப்பையா,

அத்தி பூத்தாற்போல் வந்த உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பேத்திக்கு ஆங்கிலச் சொற்களை எப்படிச் சொல்லித் தருவது என்று என்னிடமா கேட்கிறாய்? தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான எனக்குத் தெரிந்தது, ஆள் வருகை பதியும் செக்ரோல் ஆங்கிலம்தான். ஆனாலும் மாலையில் கோயில் மண்டபத்தில் ஐந்தாம் படிவ முடிவில் எஸ்பிஎம் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகள் ஆறு பேர் வந்து உட்காருகிறார்கள்.

போன வாரம் ‘லூஸ்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டோம். தளர்ந்து கிடப்பதும் லூஸ் (loose), தொலைப்பதும் லூஸ் (lose). தமிழில் எழுதினால் வேறுபாடே இல்லை. ஆங்கிலேயர் வாயில் இரண்டாவதன் கடைசி ஒலி வண்டு போல ரீங்கரிக்கும்; நம் பிள்ளைகள் காதில் அது விழுவதில்லை, எழுதும்போதும் மாறிவிடுகிறது. ஒரு பெண் மட்டும் தரையில் சாக்கட்டியால் இரண்டு வட்டம் போட்டாள். அவள் அம்மா செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். தோட்டத்தில் அதற்குப் பெயரே ‘லூஸ் ஃப்ரூட்’ அல்லவா? “இரண்டு ஓ, இரண்டு பழம் சார். ஒன்று புல்லில் தொலைந்துவிட்டால் மிச்சம் ஒரே ஓ” என்று ஒரு வட்டத்தை விரலால் அழித்தாள். எனக்கு இத்தனை வருடம் தோன்றவில்லையே!

‘பாரோ’ (borrow, இரவல் வாங்குவது), ‘லெண்ட்’ (lend, இரவல் கொடுப்பது) குழப்பம் வேறு வகை. பேச்சு மலாயில் ‘பிஞ்சாம்’ என்ற ஒரே சொல் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஓடுகிறது. தமிழில் யோசி என்றால் சரியாகிவிடுகிறது. இரவல் வாங்கியவன் யார், கொடுத்தவன் யார் என்பதில் நம் ஆட்கள் ஒருபோதும் குழம்பமாட்டார்கள்.

ஒருபொருள் பல சொல் பட்டியலை மட்டும் பேத்தி கையில் கொடுக்காதே. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் புகுந்தன, லத்தீனும் சேர்ந்தது. ‘கிங்லி’, ‘ராயல்’, ‘ரீகல்’ என்று ஒரு ராஜாவுக்கே மூன்று. ஆனால் ஒவ்வொன்றும் உட்காரும் இடம் வேறு. பட்டியலை நம்பிய பையன் ஒருவன், தாத்தா இறந்ததற்கு ‘எக்ஸ்டிங்ட்’ என்று எழுதினான். டைனோசர் மாதிரி இனமே அழிந்துபோனால் சொல்வது அது! மரம் பட்டுப்போகும், மனிதர் காலமாவார். மாற்றிச் சொல்லிப் பார் என்றேன். மண்டபமே சிரித்தது.

ஐந்தாம் படிவத்தில் என் அகராதியை நீ ‘பாரோ’ செய்தாய், நான் ‘லெண்ட்’ செய்தேன். இதைப் பேத்திக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு, தீபாவளிக்கு வரும்போது எடுத்து வா. அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
வேலு