ஆப்ஷனல் என்றால் என்ன என்று எங்களுக்கும் சொல்லுங்கள்

அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்க மாநாட்டுக்குப் போகிற அத்தனை பேருக்கும் வணக்கம்.

2023இல் பால்டிமோர், 2024இல் லாஸ் ஏஞ்சலஸ், 2025இல் கொலம்பஸ் என்று செப்டம்பர் வந்தால் ஏதாவது ஒரு நகரத்தில் கூடிவிடுகிறீர்கள். கல்லூரிக்காரர்கள், பிள்ளைகளுக்குப் படிப்பிலும் கல்லூரி விண்ணப்பத்திலும் வழிகாட்டுகிற பள்ளி கவுன்சிலர்கள், கட்டணம் வாங்குகிற தனி ஆலோசகர்கள், தேர்வு நடத்துகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில். தாராளமாகக் கூடுங்கள். அங்கே பேசிக்கொள்வது எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்வதில்லை என்பதுதான் என் குறை.

நான் டெக்சாஸில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். கவுன்சிலிங் என்றால் எனக்குத் தெரிந்தது தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்தான்: கட்-ஆஃப், ரேங்க், முறை வரும்போது இருக்கிற சீட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவது. அதில் ஆயிரம் கோளாறு உண்டு, ஆனால் வாங்கிய மார்க்கைக் காட்டலாமா மறைக்கலாமா என்று அங்கே யாரும் ராத்திரி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. 2023 கடைசியில் மகள் விண்ணப்பம் போட்டபோது நாங்கள் அதைத்தான் செய்தோம். ஏனென்றால் இங்கே பல கல்லூரிகள் ‘டெஸ்ட் ஆப்ஷனல்’ என்றன, அதாவது தேர்வு மார்க்கை அனுப்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் அவளுக்கு 1600க்கு 1410. அவள் பள்ளியில் அது பெரிய மார்க். ஆனால் அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் 1500க்கு மேல் என்று போட்டிருந்தது. (நல்ல மார்க் வாங்கியவர்கள் மட்டும் அனுப்பினால் அந்த எண் ஏறத்தானே செய்யும்? அதைப் பார்த்து மிரண்டு இன்னும் நாலு பேர் அனுப்பாமல் விட, அடுத்த வருஷம் இன்னும் ஏறும்.) டெஸ்ட் ஆப்ஷனல்தானே, அனுப்பாவிட்டால் நஷ்டமில்லை என்றார் பள்ளி கவுன்சிலர். விட்டுவிட்டோம். இடம் கிடைக்கவில்லை. அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, அது யாருக்குத் தெரியும்.

ஆனால் 2024 பிப்ரவரியில் டார்ட்மத் கல்லூரி தேர்வு மார்க்கைத் திரும்பக் கட்டாயமாக்கியபோது அவர்களுடைய பேராசிரியர்களே செய்த ஆய்வையும் வெளியிட்டார்கள். வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த பிள்ளைகள் 1400ஐ ஒட்டிய மார்க்கை வைத்துக்கொண்டே அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள், அனுப்பியிருந்தால் அவர்களுக்குத்தான் உதவியிருக்கும், ஏனென்றால் மார்க்கை அந்தப் பள்ளியின் நிலைமையோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்களாம். படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்படித்தான் பார்ப்போம் என்பது உள்ளே உட்கார்ந்து விண்ணப்பம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், அவர்களோடு மாநாட்டில் காபி குடிக்கிற தனி ஆலோசகருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் கவுன்சிலருக்குத் தெரியவில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது பரிந்துரை, நாட்டுச் சராசரியோ 350ஐத் தாண்டி நிற்கிறது. செப்டம்பரில்தான் பாட அட்டவணை மாற்றம், சிபாரிசுக் கடிதம், எதற்கோ அழுதுகொண்டு வந்து நிற்கிற பிள்ளை எல்லாம் ஒன்றாக வரும். அதை விட்டுவிட்டு விமானம், ஓட்டல், மாநாட்டுக் கட்டணம் என்று யார் கொடுத்து அவர் எப்படி வருவார்?

இதற்குள் விதிகள் மாறுகிற வேகம் இருக்கிறதே! எம்.ஐ.டி. 2022லேயே தேர்வுக்குத் திரும்பியது. 2024இல் யேல், பிரவுன், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம். இன்னும் சில வருஷத்துக்கு ஆப்ஷனல்தான் என்று சொல்லிவைத்திருந்த ஹார்வர்ட், அந்த ஏப்ரலில் திடீரென்று, அதே வருஷம் இலையுதிர் காலத்தில் விண்ணப்பிக்கிறவர்களிடமே மார்க் கேட்டது. கொலம்பியா அப்போது ஆப்ஷனலிலேயே நின்றது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக்கு மார்க்கைப் பார்ப்பதே கிடையாது. தேர்வும் சும்மா இருக்கவில்லை: எஸ்.ஏ.டி. 2024 மார்ச்சிலிருந்து இங்கே கம்ப்யூட்டரில், 2 மணி 14 நிமிடம், முதல் பாதியை எப்படிச் செய்தாய் என்பதைப் பொறுத்து இரண்டாம் பாதியின் கேள்விகள். எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக எழுதக்கூடிய ஏ.சி.டி. தேர்வு 2025இல் சுருங்கியது, அறிவியல் பகுதி விருப்பப் பகுதியாகிவிட்டது. பதினோராம் வகுப்பு படிக்கிற மகனுக்காக, எந்தக் கல்லூரி கேட்கிறது எது கேட்காது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். நாலு தடவை அடித்துத் திருத்தியாயிற்று.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஆப்ஷனல் என்று இன்னமும் சொல்கிற கல்லூரிக்காரர்களே, சராசரி 1000 இருக்கிற பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை 1400 வாங்கினால் அனுப்பச் சொல்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா? மண்டபத்தில் யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வீர்களோ, அதையே இரண்டு வரியில் உங்கள் இணையதளத்தில் போடுங்கள். மாநாடு நடத்துகிறவர்களே, தேர்வு பற்றிய அமர்வுகளையாவது பதிவு செய்து அந்த வாரமே அரசுப் பள்ளி கவுன்சிலர்களுக்குக் காசு வாங்காமல் கொடுங்கள். அப்புறம், விதியை மாற்றுவதாக இருந்தால் இப்போது ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளிலிருந்து மாற்றுங்கள். பதினோராவது முடிக்கப் போகிறவனிடம் ஏப்ரலில் வந்து சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
டெக்சாஸிலிருந்து ஒரு அப்பா