கழுத்தைக் கொஞ்சம் கவனி, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று போனில் மூன்று தடவை "தலை வலிக்குதுப்பா" என்றாய். ஆடித் திருவிழாவுக்கு வந்தபோதே பார்த்தேன். கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையில் நின்றபோதும் உன் கை பிடரியிலேயே இருந்தது. கூட்டத்தில் கேட்க முடியவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் கேட்காமல் விட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

பிடரியில் ஆரம்பித்து, ஒரு பக்கமாகவே ஏறி, கண்ணுக்குப் பின்னால் வந்து உட்காரும் வலிதானே? கழுத்தைத் திருப்பினால் கூடுகிறதா? அப்படியென்றால் அது எனக்குப் பழகிய வலி. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக் கண்ணி பற்றவைக்கக் குனிந்தால், மதியச் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வேன். நீ பத்தாவது படிக்கும்போது சாயங்காலமே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேனே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி மாற்றினேன், தைலம் தேய்த்தேன், மாத்திரையாக விழுங்கினேன். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபி அம்மா பிடரியை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார். கழுத்தின் மேல்பகுதியிலிருந்து வரும் முதல் மூன்று நரம்புகளும் முகத்துக்குப் போகும் நரம்பும் உள்ளே ஓரிடத்தில் சேர்கின்றனவாம். அதனால் கழுத்தில் கிளம்பும் வலியை மூளை நெற்றிவலி என்று எடுத்துக்கொள்கிறது. அத்தனை வருஷமும் நான் தைலம் தேய்த்தது தப்பான இடத்தில்.

தலை ஏறக்குறைய 5 கிலோ. குனியக் குனிய அந்தப் பாரம் கழுத்துக்குப் பல மடங்காகும். எனக்குப் பட்டறை, உனக்கு லேப்டாப், அவ்வளவுதான் வித்தியாசம். அதைப் புத்தகங்கள் மேல் உயர்த்தி வை. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். கீபோர்டு தனியாக வாங்கிக்கொள், பணம் நான் அனுப்புகிறேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்திரு, தண்ணீர் குடிக்கவாவது.

அப்புறம் ஒரு பயிற்சி. நிமிர்ந்து உட்கார். குனியாமல், அண்ணாக்காமல், மோவாயை மட்டும் நேராகப் பின்னுக்கு இழு. தாடைக்குக் கீழே மடிப்பு விழும். 5 நொடி வைத்து விடு. இப்படி 10 தடவை, காலையும் மாலையும். முதல் வாரம் ஒன்றுமே தெரியாது, விட்டுவிடாதே. எனக்குக் குறைய ஒன்றரை மாதம் ஆனது. ராத்திரி அம்மா வறுத்த கல் உப்பைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள், இறுகின சதை இளகும். உனக்கு வெந்நீர்ப் பை போதும். குப்புறப் படுக்காதே.

மாத்திரையை மட்டும் பார்த்துக்கொள். மாதத்தில் 15 நாள் என்று மாதக்கணக்கில் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். பார்லரில் யாராவது கழுத்தை நெட்டி முறிக்க வந்தால் சம்மதிக்காதே கண்ணு. மூளைக்கு ரத்தம் போகும் குழாய் கழுத்து வழியாகத்தான் போகிறது. அது கிழிந்துபோனவர்கள் உண்டு.

கை மரத்துப்போனாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, இதுவரை இல்லாத வலி திடீரென்று வெடித்ததுபோல் வந்தாலோ, ராத்திரி என்று பார்க்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. போகும் வழியில் எனக்குச் சொன்னால் போதும்.

அம்மா உனக்காக இலவம்பஞ்சில் உயரம் குறைவாக ஒரு தலையணை தைத்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பார்சலில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அந்தப் பயிற்சியைச் செய்து காட்டு, சரியாக வருகிறதா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா