ஓநாயோடு நிறுத்திவிடாதீர்கள்: கத்தோலிக்க இதழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். புனித பிரான்சிஸ் சலேசியாரின் திருநாளான ஜனவரி 24 நெருங்கினால் அவரைப் பற்றிய கட்டுரை உங்கள் இதழ்களில் வந்துவிடுகிறது. அதில் ஒரு குளிர்கால இரவும் கட்டாயம் இருக்கும். ஓநாய்களுக்கு அஞ்சி மரமேறியவர், தூக்கத்தில் விழுந்துவிடாதிருக்கத் தம்மைக் கிளையோடு கட்டிக்கொண்டாராம். நல்ல கதைதான். ஆனால் பத்திரிகையாளர்களின் பாதுகாவலர் என்று 1923-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அறிவித்த ஒருவரைப் பற்றிப் பத்திரிகை நடத்துகிறவர்களே ஓநாய்க் கதையோடு முடித்துக்கொள்ளலாமா?

அவர் 1567-இல், இன்றைய பிரான்ஸ்–இத்தாலி எல்லைப் பகுதியில் இருந்த சவோய் நாட்டுப் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். பதுவாவில் சட்டம் படித்த மகன் வழக்கறிஞராவான் என்று தந்தை காத்திருக்க, மகனோ 1593-இல் குருவானார். அடுத்த ஆண்டே, கத்தோலிக்கத்தைவிட்டுப் பிரிந்த சீர்திருத்தச் சபையினரான கால்வினியர் நிறைந்த ஷாப்லே பகுதிக்குப் போனார். அங்குள்ள தோனோன் நகரில் அவருடைய மறையுரையைக் கேட்க ஆள் வரவில்லை. ஆகவே எழுதத் தொடங்கினார். படியெடுத்த தாள்கள் கதவிடுக்கு வழியாக வீடுகளுக்குள் போயின. பிற்காலத்து இனிய சலேசியாரை அத்தாள்களில் தேடினால் ஏமாந்துபோவோம்; எதிர்த்தரப்பை விடாமல் மடக்கும் வழக்கறிஞர்தான் அங்கே பேசுகிறார்.

இதுவரை நீங்களும் எழுதுகிறீர்கள். பிறகு நடந்ததைத்தான் விட்டுவிடுகிறீர்கள். 1598-இல் சவோய் கோமகன் சார்ல்ஸ் இம்மானுவேல் தாமே தோனோனுக்கு வந்தார். மனம் மாற மறுத்தவர்கள்மீது அரசின் அழுத்தம் இறங்கியது. சிலர் ஊரைவிட்டே போக நேர்ந்தது. அரசின் துணையை நம் புனிதரும் நாடியிருந்தார். ஷாப்லே முழுவதும் துண்டுத் தாள்களாலும் புன்னகையாலுமே கத்தோலிக்கத்துக்குத் திரும்பியது என்று அச்சிடுவது அரைச் செய்தி.

1602 டிசம்பர் 8 அன்று அவர் ஜெனீவா ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே மாதம் கோமகனின் படை இரவோடு இரவாக ஏணி வைத்து ஜெனீவா மதிலில் ஏறித் தோற்றது. ஒரு பெண் கொதிக்கும் சூப்பைப் பானையோடு சிப்பாயின் தலையில் கவிழ்த்தாள் என்பது அந்நகரத்தார் சொல்லும் கதை. இன்றும் டிசம்பரில் சாக்லேட் பானைகளை உடைத்து அந்த வெற்றியைக் கொண்டாடுகிறார்கள். கால்வினியரின் கோட்டையான அப்படிப்பட்ட நகரத்துக்கு ஆயராக இருந்துகொண்டு, அங்கே குடியேற முடியாமல் இருபது ஆண்டுகள் சவோயின் அன்னெசி நகரிலிருந்தே மறைமாவட்டத்தை நடத்தினார். இந்தப் பின்னணி தெரிந்தால்தான் அவர் பழகிக்கொண்ட பொறுமையின் விலை வாசகருக்குப் புரியும்.

நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோகும் மார்ட்டினையும் நினைவூட்டுகிறேன். காது கேளாத, பேச்சு வராத இளைஞர் அவர். ஆயர் அவரைத் தம் வீட்டில் வேலைக்கு வைத்துக்கொண்டு, தாமே உட்கார்ந்து சைகைகளால் மறைக்கல்வி கற்பித்து நற்கருணை பெறச் செய்தார். காது கேளாதோரின் பாதுகாவலராகவும் அவர் போற்றப்படுவது இதனால்தான். என்னைக் கேட்டால், அவர் எழுதிய பக்தி நூல்களைவிட இது பெரிது.

வரும் ஜனவரி இதழுக்கு இரண்டு வேண்டுகோள்கள். கோமகனுக்கும் ஒரு பத்தி கொடுங்கள். அட்டைப்படக் கட்டுரையைக் காது கேளாத கத்தோலிக்கர் ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள். தம் பங்கில் ஞாயிறு மறையுரை தமக்கு எப்படி வந்து சேர்கிறது, அல்லது சேரவே இல்லையா என்று அவர் எழுதட்டும். அதை வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்